டீச்சர் அத்தையின் சீ.ஆர். கொப்பி

"உங்கள் வீட்டை ஒற்றை ஆளாகத் தாங்கியவர் யார்?" என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் அது அத்தை, அப்பாவின் அக்கா. தோட்டத்துக்கு டீச்சரம்மா, எங்களுக்கு டீச்சர் அத்தை.

இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். லயம் என்ற தொழிலாளர் வரிசை வீட்டில் ஒரே காம்பரா, அதாவது ஒரே அறை, முன்னால் இஸ்தோப்பு என்ற திண்ணை, அதற்குள் தாத்தா, பாட்டி, நாலு பிள்ளைகள். தாத்தாவுக்கு இழுப்பு நோய், வேலைக்குப் பேர் விழாத நாட்கள்தான் அதிகம். வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் வேலை செய்தால்தான் காம்பரா நமக்கு என்பதால், பாட்டி முட்டி வலியோடு இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போய்க்கொண்டே இருந்தார். செக்ரோலில், அதாவது தோட்டச் சம்பளக் கணக்கில், அரிசி, மாவு, தீபாவளி முற்பணம் எல்லாம் வெட்டியது போக மிச்சம் என்ன வரும், சொல்லுங்கள்.

அத்தைக்கு வேலை கிடைத்ததைச் சொல்வதென்றால் பிரஜாவுரிமையையும் சொல்லியாக வேண்டும். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இங்கே என்று ஆட்களைப் பங்கு போட்டது. பாட்டியின் தம்பி குடும்பம் 'நாட்டுக்கு', அதாவது இந்தியாவுக்குப் போய்விட்டது. தலைமன்னார் கோச்சியில் (ரயிலில்) அவர்களை ஏற்றிவிட்டு வந்த பிறகு பாட்டி மூன்று நாள் அடுப்பு மூட்டவில்லை என்று அப்பா சொல்வார். எங்கள் தாத்தா இங்கேயே இருக்க விண்ணப்பித்திருந்தார், அந்தப் பிரஜாவுரிமைக் காகிதமும் வந்து சேர்ந்திருந்தது. அது இல்லாமல் அரசாங்க உத்தியோகம் கிடையாது. 1980களில், அரசு பொறுப்பெடுத்த தோட்டப் பாடசாலைகளுக்கு மலையகத்துப் பிள்ளைகளையே ஆசிரியர்களாக எடுத்தபோது அத்தை உள்ளே போனார். கூடப் படித்த தோழி ஒருத்தி, கணக்கில் அத்தையைவிடக் கெட்டிக்காரியாம், வீட்டில் காகிதம் வராததால் கொழுந்துக் கூடை தூக்கினாள். அத்தை இதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடும்.

பாடசாலை மூன்று மைல். றப்பர் செருப்போடு தேயிலைக்குள் இறங்கி ஏறி, நல்ல செருப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய், பாடசாலைக்குக் கீழே ஒரு பாறையில் உட்கார்ந்து, காலில் ஏறிய அட்டைகளைச் சவர்க்காரத் துண்டால் தேய்த்து உதிர்த்துவிட்டு, செருப்பை மாற்றிக்கொண்டு, சேலையை உதறி இறக்கிவிட்டு, அப்புறம்தான் டீச்சராக மேலே ஏறுவார். மேலே இருந்ததோ ஒரே மண்டபம். மூன்று வகுப்பு, நடுவில் சுவர் கிடையாது, கரும்பலகைதான் தடுப்பு. ஒரு பக்கம் வாய்ப்பாடு ஓடும்போது மறுபக்கம் ஆத்திசூடி ஓடும், தகரத்தில் மழை அடித்தால் இரண்டுமே கேட்காது.

அந்தச் சம்பளத்தில்தான் அப்பா ஏ.எல். (உயர்தரம்) வரை படித்தார், சின்ன அத்தைக்குக் கல்யாணம் நடந்தது, சித்தப்பா கொழும்பில் கடை வேலைக்குப் போகும்போது சப்பாத்து வாங்கினார். தாத்தாவின் மருந்தும் அதில்தான். அத்தையும் இடையில் கொட்டகலை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சியை முடித்துக்கொண்டார்.

சரி, யாரும் வெளியே சொல்லாத விஷயம் ஒன்று. அத்தைக்கு வரன் அமையவில்லை என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வார்கள். பொய். நாவலப்பிட்டியிலிருந்து ஒரு தபால் கந்தோர் (அலுவலக) மாப்பிள்ளை வீட்டார் இரண்டு தடவை வந்து கேட்டார்கள். முதல் தடவை, "தம்பி ஏ.எல். முடிக்கட்டும்" என்றார் பாட்டி. இரண்டாம் தடவை, "சின்னவள் காரியம் முடியட்டும்." மூன்றாவது தடவை அவர்கள் வரவில்லை. என் அப்பா உட்பட ஒருவரும் வாய் திறக்கவில்லை, ஏனென்றால் மாதச் சம்பளம் வீட்டைவிட்டுப் போய்விடும். இதை அப்பாவிடம் நேராகவே கேட்டிருக்கிறேன். "நாங்க என்னடா செய்யுறது" என்றார். நல்ல மனுஷர்தான், ஆனால் அந்தப் பதில் எனக்குப் போதவில்லை, இன்றைக்கும் போதவில்லை.

அத்தை காலமான பிறகு டிரங்குப் பெட்டிக்குள் மாத வரவு செலவு எழுதிய சீ.ஆர். கொப்பிகள், கெட்டி அட்டை போட்ட நோட்டுகள், இருந்தன. கரும்பலகை எழுத்து மாதிரியே குண்டு குண்டாக எழுத்து. அரிசி, மண்ணெண்ணெய், அப்பா மாத்திரை, தம்பி பீஸ், சீட்டு. கடைசி வரி எல்லாப் பக்கத்திலும் 'எனக்கு'. அதற்கு நேரே பெரும்பாலும் ஒரு கோடுதான் இருக்கும், எப்போதாவது பேனை, குடைக்கம்பி. அப்பா அதைப் பார்த்துக் கண்ணைத் துடைக்கத் தொடங்கிவிட்டார். நான் புரட்டிக்கொண்டே போனேன். சில மாதங்களில் 'எனக்கு' வரிக்கு நேரே வேறு மாதிரி இருந்தது: "ஹட்டன் பஸ், படம் (பால்கனி), வடை 2, பிளேன்டீ."

ஒன்றல்ல, எண்ணிப் பார்த்தோம், பதினேழு இடத்தில். எல்லாம் சனிக்கிழமைகள்.

அப்பா கொப்பியை வாங்கித் தூரமாகப் பிடித்து வாசித்தார், பிறகு கிட்டக் கொண்டுவந்து வாசித்தார். "கல்விக் கந்தோர்ல மீட்டிங்குன்னு சொல்லிட்டுத்தானேடா அக்கா போகும்" என்றார்.