கேளுங்க அண்ணாச்சி: குச்சி ஊன்றி நாற்றுப்பண்ணை நடத்தலாமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். குச்சி நட்டுச் செடி உண்டாக்கி விற்பது. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு, இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

வாசகி, முக்கூடல்: அண்ணாச்சி, பல வருஷமா பீடி சுத்துறேன், இப்ப கழுத்தும் முதுகும் தாங்கல. வீட்டுக்குப் பின்னால 4 சென்ட் இடம் சும்மா கிடக்கு, கிணத்துல நல்ல தண்ணி. ரோஜா, செம்பருத்தி எல்லாம் குச்சி வச்சாலே வருதே, அதைப் பையில போட்டு வித்தா லாபம் நிக்குமா? எவ்வளவு முதல் போடணும்?

நிக்கும் தங்கச்சி. ஆனால் முதல் வருஷமே வீட்டுச் செலவை அது தாங்கும் என்று நம்பிப் பீடித் தட்டைக் கீழே வைத்துவிடாதீர்கள். சேம நிதி பிடித்தம் இருந்தால் அதையும் யோசிக்க வேண்டும். ஒரு மழைக்காலம் முழுக்க விற்றுப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

முதலில் செலவழிக்க வேண்டியது பைக்கும் வலைக்கும் இல்லை, குச்சி வெட்டி எடுக்கிற தாய்ச்செடிக்கு. இதை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும் பாதிப் பேர் கேட்பதில்லை. அங்கே ஒரு குச்சி, இங்கே ஒரு குச்சி என்று கேட்டு வாங்கிவந்து ஊன்றுகிறார்கள், என்ன ரகம், என்ன நிறம், அந்தச் செடிக்கு நோய் இருந்ததா என்று அவர்களுக்கே தெரியாது. வாங்கிப் போனவர் வீட்டில் சிவப்பு என்று சொன்னது வெளிறிய ரோஸாகப் பூத்தால் அவர் திரும்ப வரமாட்டார், அந்தத் தெருவில் இன்னும் நாலு பேரும் வரமாட்டார்கள். நன்றாக வளர்ந்த ஒரு ரோஜாத் தூரிலிருந்து ஒரு கவாத்துக்கு, அதாவது ஒரு தடவை கிளை வெட்டிவிடும்போது, 10, 15 நல்ல குச்சி எடுக்கலாம். அப்படியானால் ஆயிரம் குச்சிக்கு எத்தனை தூர் வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் 4 சென்டில் வேலியோரம் முழுக்கத் தாய்ச்செடி நிற்கட்டும். எட்வர்டு ரோஜா, ஆந்திரா ரோஜா, அடுக்குச் செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப்பூ, மருதாணி, இவ்வளவு போதும். ஒவ்வொன்றையும் பூக்க விட்டு, கண்ணால் பார்த்து, அதற்குப் பிறகு அதில் கத்தி வையுங்கள்.

ஏன் இந்தச் செடிகள் என்றால், ஆந்திராவில் ராஜமுந்திரிப் பக்கம் கடியம் என்ற ஊர் முழுக்க நாற்றுப்பண்ணைதான், அங்கிருந்து லாரி லாரியாகச் செடி வருகிறது. ஓசூர், பெங்களூர்ப் பக்கமிருந்து ஒட்டு ரோஜா வருகிறது. அலங்காரச் செடியில் அவர்களோடு விலைக்குப் போட்டி போட உங்களால் முடியாது, போடவும் வேண்டாம். நம் ஊர் வெயிலுக்கும் காற்றுக்கும் பழகிய தாயிலிருந்து எடுத்த செடி என்று சொல்லி விற்பதுதான் உங்கள் பலம். கடைகளில் வரும் பெரிய பூ ரோஜா பலதும் வேறு ஒரு வேர்ச்செடியில் ஒட்டியது. அதன் குச்சியை ஊன்றினால் சில வேர் விடும், ஆனால் சொந்த வேரில் அந்த வேகம் பெரும்பாலும் இருக்காது.

இப்போது காசுக் கணக்கு. நான் சொல்வது கணக்குப் போடும் முறைதான், விலைகளை உங்கள் ஊருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பை, மண் கலவை, நிரப்புகிற கூலி எல்லாம் சேர்ந்து ஒரு பைக்கு 7 ரூபாய் என்று வையுங்கள். ஆயிரம் பையில் நேராகக் குச்சி ஊன்றினால் 7,000 ரூபாய். புதிதாகச் செய்கிறவர்களுக்கு அதில் 500 தேறினாலே நல்லது, அந்த சீசனில் விற்பது 400 என்றால் 25 ரூபாய் வீதம் 10,000. மிஞ்சுவது 3,000, அதிலும் உங்கள் உழைப்புக்குக் கூலி சேரவில்லை. அதையே முதலில் மணல் பாத்தியில் நெருக்கமாக ஊன்றி, வேர் பிடித்ததை மட்டும் பைக்கு மாற்றினால்? இரண்டு அங்குல இடைவெளியில் ஆயிரம் குச்சிக்கு ஒரு கயிற்றுக் கட்டில் போடுகிற இடம் போதும். குச்சிக்கு ஒரு ரூபாய் செலவென்றாலும் ஆயிரம்தான், பை 500க்கு மட்டும் 3,500. மொத்தம் 4,500. அதே 400 செடி விற்றால் 5,500 நிற்கிறது. மாற்றும்போது வேர் அறுபடாமல் பார்க்க வேண்டும், ஒரு வாரம் நிழலில் வைக்க வேண்டும், அந்த வேலை கூடுதல். காசு குறைவாக இருக்கிறவர்களுக்கு இந்த வழிதான் சரி.

குச்சி எடுக்கிற விதம்: காலையில், வெயில் ஏறுமுன். நேற்றே தாய்ச்செடிக்குத் தண்ணீர் விட்டிருக்க வேண்டும். பென்சில் கனம், ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவு, நாலு கணு. அடியில் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டுங்கள், மேலே கணுவுக்குச் சற்று மேலே நேராக வெட்டுங்கள். அப்போது எது தலை எது கால் என்ற குழப்பமும் வராது. தலைகீழாக ஊன்றிய குச்சியை நம்பிப் பயனில்லை. நுனியில் இரண்டு இலை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள், இலை பெரிதாக இருந்தால் அதையும் பாதியாக நறுக்குங்கள். எடுத்ததும் ஈரச்சாக்கில் சுற்றுங்கள். பாத்தியில் ஒரு ஈர்க்குச்சியால் முதலில் குழி போட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகிற மாதிரி இறக்கி, இரண்டு விரலால் சுற்றி அழுத்துங்கள். மண்ணுக்கும் குச்சிக்கும் நடுவில் காற்று நிற்கக் கூடாது. வேர் விடும் பாத்தியில் எரு கலக்கவே வேண்டாம், அடி அழுகிவிடும். கழுவிய மணலும் தேங்காய் நார்க்கழிவும் பாதிக்குப் பாதி போதும். நார்க்கழிவைப் பச்சையாகப் போடாமல் இரண்டு மூன்று தடவை தண்ணீரில் ஊறவைத்து அலசிப் பிழிந்து போடுங்கள், அதில் உப்பும் துவர்ப்பும் இருக்கும்.

அப்புறம் பருவம். நம் பக்கம் செடி விற்பது புரட்டாசிக் கடைசியில் ஒரு மழை விழுந்ததும் தொடங்கி, ஐப்பசி, கார்த்திகை வரைதான் சூடாக இருக்கும். ஊன்றிய ரோஜாக் குச்சி விற்கிற செடியாக மூன்று நாலு மாதம் ஆகும். எனவே ஆனி, ஆடியில் ஊன்றியாக வேண்டும். சித்திரையில் ஊன்றாதீர்கள், தண்ணீர் ஊற்றியே கை ஓய்ந்துவிடும்.

வாசகர், திசையன்விளை: ஆடியில் ஊன்றச் சொல்கிறார்கள், ஆனால் எங்கள் பக்கம் ஆடிக்காற்றில் குச்சி எல்லாம் நாலே நாளில் சுருங்கிவிடுகிறது. தண்ணீரும் கொஞ்சம் உப்பு. என்ன செய்ய?

தம்பி, 2019 வரை ஒரே மாவட்டம் என்று பெயர், ஆனால் வானம் ஒன்றில்லை. ஆனி, ஆடியில் தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரல் தூவிக்கொண்டிருக்கும், அங்கே குச்சி ஊன்றுகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள். மலையைத் தாண்டி உங்கள் பக்கம் வரும்போது அதே காற்றில் ஈரம் போய் வெறும் வேகம்தான் மிச்சம். பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைகளைச் சும்மாவா நிறுத்தினார்கள்.

குச்சிக்கு இன்னும் வேர் இல்லை, குடிக்க வழியில்லை, ஆனால் இலை வழியே தண்ணீர் போய்க்கொண்டே இருக்கிறது. அதை நிறுத்துவதுதான் முழு வேலையும். மேற்கே பனையோலைத் தட்டி கட்டுங்கள். சுவரை விடத் தட்டி நல்லது, சுவரில் மோதிய காற்று மேலே ஏறி அந்தப் பக்கம் சுழன்று விழும், ஓலை காற்றை வடிகட்டி விடும். பாத்திக்கு மேலே வளைத்த குழாயில் கண்ணாடி மாதிரித் தெரிகிற பாலித்தீன் தாளைப் போர்த்தி நாலு பக்கமும் மண் அணைத்துவிடுங்கள், அதற்கு மேலே 50 சதவீத நிழல் வலை. உள்ளே தாளில் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்க வேண்டும், நின்றால் திறக்கவே வேண்டாம். நிழல் இல்லாமல் தாளை மட்டும் போர்த்தினால் உள்ளே வெந்துபோகும், கவனம்.

உப்புத் தண்ணீருக்கு மழைநீர்தான் மருந்து. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். 500 சதுர அடி மாடியில் 20 மில்லிமீட்டர் மழைக்கு ஏறத்தாழ 900 லிட்டர் கிடைக்கும். மூடிய பாத்திக்கு அது நெடுநாள் வரும். ரோஜாவை விட்டுவிட்டு அரளி, காகிதப்பூ இரண்டில் தொடங்குங்கள், இரண்டும் உங்கள் மண்ணையும் காற்றையும் தாங்கும். அரளியில் பால் வடியும், வெட்டிய குச்சியை ஒரு நாள் நிழலில் போட்டுக் காயம் ஆறிய பிறகு ஊன்றுங்கள். இலை, தண்டு எல்லாமே விஷம், ஆடு மாடு வாய் வைக்காத இடத்தில் வையுங்கள், வேலை முடிந்ததும் கையைக் கழுவுங்கள், வாங்குகிறவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.

வாசகி, சுரண்டை: குச்சியெல்லாம் இரண்டு வாரத்தில் தளதளவென்று தளிர்த்தது. பைக்கு மாற்றினேன், கொஞ்சம் விற்கவும் செய்தேன். பத்து நாளில் எல்லாம் கருகிவிட்டது. மண்ணில் கோளாறா?

மண்ணில் கோளாறு இல்லை தங்கச்சி, அந்தக் குச்சிகளுக்கு வேரே வந்திருக்காது. குச்சிக்குள் சேமித்து வைத்த சத்திலேயே மொட்டு உடைந்து தளிர் வரும், அது வேர் பிடித்ததற்கு அடையாளம் இல்லை. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்திருந்தால் அடியில் வெள்ளையாகத் தடித்த ஒரு வளையம் மட்டும் இருந்திருக்கும். வேர் அதிலிருந்து, இல்லை பக்கத்திலிருந்து, பிறகுதான் கிளம்பும். முதல் தளிர் முற்றி, அதற்கு மேலே இரண்டாவது தளிர் எழும்புகிற வரை தொடாதீர்கள். அப்போதும் குச்சியை மெல்ல மேலே இழுத்துப் பாருங்கள், மண் பிடித்து நிறுத்தினால் வேர் இருக்கிறது. பையில் என்றால் அடி ஓட்டையில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் நேரே வெயிலுக்குக் கொண்டுபோகாமல், மேலே போர்த்திய பாலித்தீன் தாளை முதல் நாள் ஒரு ஓரம், மறுநாள் இன்னும் கொஞ்சம் என்று பத்து நாளில் முழுக்கத் திறங்கள். வாங்கிப் போனவர்களைத் தெரியும் என்றால் அடுத்த தடவை வேர் பிடித்த செடி ஒன்றைக் காசில்லாமல் கொடுத்துவிடுங்கள். இந்தத் தொழிலில் பேர்தான் முதல்.

வாசகர், சங்கரன்கோவில்: மல்லி, பிச்சி, கனகாம்பரம் நாற்று போட்டு விவசாயிகளுக்கு விற்க ஆசை. வேர் மருந்து கட்டாயம் வேண்டுமா?

பூ மார்க்கெட் உள்ள ஊரில் இருந்துகொண்டு இதைத் தேர்ந்தெடுத்தது நல்ல யோசனை. மல்லி நாற்றுக்கு ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம் பேர்போனது, கடற்கரை மணலில் குச்சி ஊன்றி வேர் பிடிக்க வைத்து வெளியூருக்கெல்லாம் கட்டுக்கட்டாக அனுப்புகிறார்கள். அந்த மணலின் வடிகாலை நீங்கள் உங்கள் பாத்தியில் கொண்டுவர வேண்டும், கரிசல் மண்ணில் ஊன்றினால் அழுகும். அரை முற்றலான தண்டு, மூன்று நாலு கணு.

வேர் மருந்து என்றால் ஐபிஏ என்கிற பொடி. மல்லிக்கும் காகிதப்பூவுக்கும் போட்டால் வேர் நிறைய வரும், மருதாணிக்கும் நந்தியாவட்டைக்கும் அந்தச் செலவு தேவையில்லை. டப்பாவுக்குள்ளேயே குச்சியை விடாதீர்கள், ஈரம் பட்டு மொத்தப் பொடியும் கெடும். ஒரு மூடியில் கொஞ்சம் கொட்டி, அடி முனையைத் தொட்டு, ஒட்டியது போக மிச்சத்தைத் தட்டிவிட்டு ஊன்றுங்கள்.

கனகாம்பரத்தில் டெல்லி கனகாம்பரம் என்ற ரகம் மும்மடிய ரகம், அதாவது மரபணுத் தொகுதி இரண்டுக்குப் பதில் மூன்று உள்ளது, அதனால் விதை கட்டாது, குச்சியில்தான் பெருக்க முடியும். அதனால் உங்களுக்கு அதில் எப்போதும் வேலை இருக்கும். ஆனால் வேரைத் தாக்கும் நூற்புழுவும் வாடல் நோயும் அதைப் பிடித்தால் விடாது. வாடல் கண்ட வயலிலிருந்து ஒரு குச்சிகூட எடுக்காதீர்கள், அந்த மண்ணையும் பாத்திக்குக் கொண்டுவராதீர்கள். விவசாயி உங்களை நம்பி ஒரு வயலையே நடுகிறார்.

வாசகர், புளியங்குடி: எலுமிச்சை, மா, கொய்யா, முருங்கை எல்லாம் குச்சியில் வருமா?

முருங்கை வரும். மூன்றடி நீளம், கைப்பிடி கனத்தில் போத்து வெட்டி, மேல் முனையில் சாணியை அப்பி நேராகக் குழியில் நடுவார்கள், பையில் வைத்து விற்க அது தோதுப்படாது. பி.கே.எம்.1 மாதிரிச் செடிமுருங்கைக்கு விதைதான். மாதுளையும் அத்தியும் குச்சியில் நன்றாக வரும். கொய்யாவுக்கு விண்பதியன், அதாவது கிளை மரத்தில் இருக்கும்போதே அதில் வேர் விடவைத்து வெட்டுவது, மாவுக்கு ஒட்டு. எலுமிச்சை உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை, விதையிலும் பதியனிலும் செய்கிறவர்கள் பக்கத்திலேயே இருப்பார்கள். கறிவேப்பிலை கேட்டு நிறையப் பேர் வருவார்கள், பழத்தின் சதையைக் கழுவிவிட்டு உடனே விதையுங்கள், காயவைத்துப் பத்திரப்படுத்தினால் முளைக்காது.

வாசகி, களக்காடு: வீட்டில் செய்கிற சின்னப் பண்ணைக்கும் உரிமம் வேண்டுமா?

காய்கறி நாற்று, பழக்கன்று, முருங்கை இதெல்லாம் விற்றால் வேண்டும். 1966ஆம் ஆண்டு விதைச் சட்டத்தில் விதை என்று சொல்லும்போது உணவுப் பயிர்களின் நாற்று, குச்சி, ஒட்டு எல்லாமே அதில் அடங்கும். 1983ஆம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி விற்பனைக்கு உரிமம் வாங்க வேண்டும். விதை ஆய்வு துணை இயக்குநர் அலுவலகத்தில் கேளுங்கள், பூச்செடி மட்டும் என்றாலும் அங்கேயே ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். இன்னொன்று, 2001ஆம் ஆண்டு பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டத்தில் பதிவான ரகங்களை உரியவர் அனுமதி இல்லாமல் பெருக்கி விற்கக் கூடாது. புது ரக ரோஜா ஒன்று அழகாக இருக்கிறது என்று வாங்கிவந்து குச்சி வெட்டுமுன் அதைப் பாருங்கள். பில் புத்தகம் ஒன்று போடுங்கள், அதில் செடியின் பெயரோடு ரகத்தையும் தாய்ச்செடி நம்பரையும் எழுதுங்கள். ஒரு செடியில் குறை வந்தால் எந்தத் தாயிலிருந்து வந்தது என்று பார்த்து, அந்தத் தாயில் குச்சி எடுப்பதை அன்றே நிறுத்தலாம்.