மரவேலை இதழ்களில் வரும் பேட்டர்ன்களை எப்படிச் சேமிப்பது? எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டு இதழ்களைப் போட்டுவிடலாமா?

போடாதீர்கள். ஸ்கேன் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் ஸ்கேன் இருக்கிறதே என்று இதழ்களையும், அவற்றுக்குள் மடித்து வைத்திருக்கும் பெரிய தாள்களையும் பழைய பேப்பரோடு சேர்த்துவிடாதீர்கள்.

உங்கள் நிலைமையை என்னால் ஊகிக்க முடிகிறது. அலமாரி வழிகிறது, எந்த இதழில் எது வந்தது என்று நினைவில்லை, வேண்டிய நேரத்தில் வேண்டிய தாள் கிடைப்பதில்லை, "இதெல்லாம் எப்பதான் காலியாகும்?" என்று வீட்டில் யாரோ கேட்டிருக்கிறார்கள். கேள்வியில் நீங்கள் அப்படி எழுதவில்லைதான். ஆனாலும் இதழ் சேர்க்கிற ஒருவர் தானாகவே "போட்டுவிடலாமா" என்று கேட்பதை நான் பார்த்ததில்லை.

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன், இது தெரியாமல்தான் பல பேர் எல்லாவற்றையும் ஒரே மாதிரி அடுக்குகிறார்கள். இதழ்களில் வருவது இரண்டு வகை. ஒன்று, அளவு எழுதிய வரைபடம். அலமாரி, மேசை, பெட்டி போன்றவை பெரும்பாலும் இப்படித்தான் வரும். நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு, காடியின் (பலகையைச் செருக வெட்டும் நீளப் பள்ளம்) ஆழம் இவ்வளவு என்று எண் போட்டிருக்கும். அதைப் போனில் படம் எடுத்தாலும் போதும், எண் படிக்கத் தெரிந்தால் சரி. 1975இல் தொடங்கிய ஃபைன் உட்வொர்க்கிங், 1979இல் தொடங்கிய உட்ஸ்மித் போன்ற அமெரிக்க மரவேலை இதழ்களின் பழைய பிரதிகள் டிவிடி தொகுப்பாகவும் வந்திருக்கின்றன. அந்த மாதிரித் தொகுப்பு உங்களிடம் இருந்தால் உள்பக்கக் கட்டுரைகளுக்காக நீங்கள் தாளைக் காக்க வேண்டியதில்லை.

இரண்டாவது வகை, முழு அளவு பேட்டர்ன். பொம்மை, நாற்காலியின் வளைந்த கால், ஸ்க்ரோல் சாவில் (மெல்லிய அலகால் வளைவுகளை அறுக்கும் எந்திர ரம்பம்) அறுக்கும் நுணுக்கமான வேலைகள் எல்லாம் இதில் வரும். இதில் எண் இருக்காது, கோடுதான் அளவு. கோடு ஒரு சதவீதம் சுருங்கினால் பொருளும் ஒரு சதவீதம் சுருங்கும். தாளைத் தூக்கிப் போடாதீர்கள் என்று நான் கத்துவது இந்த வகைக்காகத்தான்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என்னிடம் ஆடும் மரக்குதிரை ஒன்றின் முழு அளவுத் தாள் இருந்தது. அதை வெளியிட்ட இதழ் எப்போதோ நின்றுவிட்டது. அண்ணன் மகன் கேட்டான், கொடுத்தேன். அவன் தாளைத் தரையில் விரித்துப் போனில் படம் எடுத்து, துண்டு துண்டாக ஏ4 தாளில் பிரிண்ட் போட்டு, டேப் ஒட்டிச் சேர்த்திருக்கிறான். உடலும் கால்களும் அந்தப் பிரிண்டைப் பார்த்து அறுத்தவை. குறுக்குச் சட்டங்களுக்குப் பேட்டர்ன் கிடையாது, இதழில் உள்ள அளவுப் பட்டியலைப் பார்த்து 40 மில்லி அகலத்தில் அறுத்துவிட்டான். சட்டம் காலில் வெட்டிய பள்ளத்துக்குள் போகவில்லை. உளியை எடுத்துப் பள்ளத்தை ஒரு பக்கமாகப் பெரிதாக்கியிருக்கிறான். கால் கோணிக்கொண்டது. எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வந்து, "சித்தப்பா, இந்த வரைபடமே தப்பு" என்றான்.

அவன் ஒட்டிய தாளின் மூலையில் அளவுக்கோடு ஒன்று இருந்தது, 100 மில்லி என்று அச்சடித்தது. இரும்பு ஸ்கேலை அதன் மேல் வைத்தேன். 97. பிரிண்ட் போடும்போது "தாளுக்குள் அடக்கு" என்கிற அமைப்பு இயங்கியிருக்கிறது. 40 மில்லிப் பள்ளம் 38.8 ஆகிவிட்டது. அந்த 1.2 மில்லிக்காக நல்ல மரம் பாழானது. "இதைப் பாருடா, வரைபடத்துல தப்பு இல்ல" என்று காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டான்.

மரம் போனால் வேறு மரம் வாங்கலாம். எனக்கு இன்றைக்கும் ஆறாதது இதுதான்: குதிரையின் அடியில் வரும் வளைந்த ஆட்டக்கட்டை போன் படத்தில் மங்கலாக விழுந்திருந்ததால், அசல் தாளிலிருந்தே அந்தப் பகுதியைக் கத்தரித்து மரத்தில் பசை போட்டு ஒட்டி, அதோடு சேர்த்தே அறுத்துவிட்டான். தாளின் மறுபக்கத்தில் மடக்கு ஏணி ஸ்டூலின் பேட்டர்ன் இருந்தது. அதுவும் போயிற்று. நான் செய்யலாம் என்று எடுத்து வைத்திருந்தது அந்த ஸ்டூலைத்தான்.

"யாரோ ஒருவர் சரியாக பிரிண்ட் போடாததற்கு ஸ்கேனைக் குறை சொல்வதா?" என்று கேட்பவர்கள் வருவார்கள் என்று தெரியும். ஸ்கேனை நான் குறை சொல்லவில்லை. ஸ்கேன் தப்பாக வந்தால் சரிபார்க்க அசல் கையில் இருக்க வேண்டும் என்கிறேன். அவ்வளவுதான்.

சரியாக நகல் எடுக்கும் முறை இது. அசல் தாளின் வெற்றிடத்தில் பென்சிலால் 100 மில்லிக் கோடு இரண்டு போடுங்கள். ஒன்று படுக்கையாக, ஒன்று செங்குத்தாக. ஒன்று போதாது, ஏனென்றால் தாளை உருளை இழுத்துச் செல்லும் எந்திரங்களில் இழுக்கிற திசையில் மட்டும் நீளம் மாறுவது உண்டு. முடிந்தவரை தாளை அசையாமல் கண்ணாடி மேல் கவிழ்த்து வைக்கும் ஸ்கேனரையே பயன்படுத்துங்கள். சாதாரண வேலைக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு) போதும், ஸ்க்ரோல் சாவுக்கான மெல்லிய கோடுகளுக்கு 600 வையுங்கள். பிரிண்ட் எடுக்கும்போது "அசல் அளவு" அல்லது 100% என்று இருக்கிறதா பார்த்து, வந்த தாளில் இரண்டு கோடுகளையும் அளந்த பிறகே மரத்தைத் தொடுங்கள். போன் படம் தேடுவதற்கு மட்டும்தான். லென்ஸ் ஓரங்களை வளைக்கும், கை கொஞ்சம் சாய்ந்தாலும் ஒரு பக்கம் குறுகும்.

பழைய இதழ்களில் கட்டம் போட்ட பேட்டர்ன்கள் நிறைய வரும், "ஒரு கட்டம் ஓர் அங்குலம்" என்று. பக்கத்தில் இடமில்லாததால் சுருக்கிப் போட்டிருப்பார்கள். கட்டத்தை அளந்து பாருங்கள். 6 மில்லி இருந்தால், 25.4ஐ 6ஆல் வகுத்தால் சுமார் 4.23, அதாவது 423% பெரிதாக்க வேண்டும். பல ஜெராக்ஸ் எந்திரங்கள் 400%க்கு மேல் போகாது. முதலில் 200%, அந்த நகலை மறுபடி 212% என்று இரண்டு தடவையாக எடுத்தால் கிட்டத்தட்ட வந்துவிடும். கடைசி நகலில் ஒரு கட்டத்தை அளக்காமல் பத்துக் கட்டத்தைச் சேர்த்து அளந்து 254 மில்லி வருகிறதா பாருங்கள், அப்போதுதான் சின்னப் பிசகும் தெரியும். இந்தச் சதவீதத்தை அந்தப் பக்கத்து ஓரத்திலேயே எழுதி வைத்துவிட்டால் அடுத்த தடவை கணக்கே போட வேண்டாம்.

இனி தாளைக் காப்பது. இதழை நான் கிழிப்பதில்லை, முழுசாக எண் வரிசைப்படி பெட்டியில் நிறுத்தி வைக்கிறேன். கிழித்துப் பொருள்வாரியாக ஃபைல் போடுகிறவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம். அவர்கள் முறையிலும் வசதி உண்டு. ஆனால் ஒரு பக்கத்தில் பொம்மை வண்டி முடிந்து அதன் பின்பக்கத்தில் புத்தக அலமாரி தொடங்கினால், அந்தத் தாளை எந்த ஃபைலில் வைப்பார்கள்? இணைப்பாக வரும் பெரிய தாளை மட்டும் வெளியே எடுத்துவிடுவேன். ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து தாளைத் தின்றுவிடும், மடிப்புகள் குறுக்கே சந்திக்கிற இடத்தில் முதலில் ஓட்டை விழும். எடுத்தவுடன் பென்சிலால் இதழ் பெயர், எண், வருடம், கட்டுரைப் பக்கம் நான்கையும் மூலையில் எழுத வேண்டும். இரண்டு பக்கமும். எழுதாத தாள் இரண்டு வருடம் கழித்து எந்தக் கட்டுரைக்கு உரியது என்றே தெரியாமல் போய்விடும், அளவுப் பட்டியல் இல்லாத பேட்டர்னை வைத்துக்கொண்டு பாதி வேலைதான் செய்ய முடியும்.

பெரிய தாள்களை விரித்து, இரண்டு பிளைவுட் பலகைகளுக்கு நடுவே படுக்கையாக வைப்பது நல்லது. இடமில்லை என்றால் சுருட்டலாம், ஆனால் ஒல்லிக் குழாய்க்குள் திணிக்காமல் தடித்த குழாயின் மேல் சுற்றி, வெளியே இன்னொரு தாளால் மூடுங்கள். ரப்பர் பேண்டு வேண்டாம், அது இளகி ஒட்டிக்கொள்ளும். செலோடேப்பும் வேண்டாம், காலப்போக்கில் பழுத்து மஞ்சள் கறையை விட்டுச் செல்லும். பிளாஸ்டிக் கவர் வாங்கினால் பாலிபுரோப்பிலீன் என்று கேட்டு வாங்குங்கள். பிவிசி கவரில் வைத்த ஜெராக்ஸ் நகலின் கறுப்பு, கவரோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். எழுத்து கவரில் இருக்கும், தாள் வெறுமையாக இருக்கும். ஈரம் தங்காத இடமாகப் பாருங்கள், ராமபாணப் பூச்சிக்கு ஈரமும் பழைய தாளும் சேர்ந்தால் போதும். பட்டறைக்குள்ளேயே வைக்காதீர்கள். மரத்தூளும் எண்ணெய்க் கையும் தாளுக்கு ஆகாது.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும், பல நாள் மனத்தில் கிடப்பது. இவ்வளவு பத்திரமாகத் தாள் சேர்க்கிறவனைப் பார்த்து, "சும்மாதானே இருக்கீங்க, அந்த மிச்ச மரத்துல எங்களுக்கும் ஒரு ஷூ ரேக் செஞ்சு குடுங்களேன்" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கூலி என்ற பேச்சே கிடையாது, பொழுதுபோக்குதானே என்று ஒரு சொல். பொழுதுபோக்கு என்றால் என் பொழுது, என் விருப்பம் என்று பொருள். அடுத்தவர் வீட்டுக்கு ஓசி வேலை செய்வது அதில் அடங்காது. அதைவிட மோசம், செய்து கொடுத்த பொருளை வாங்கிப் போய் மழையில் போட்டுவிட்டு, "உங்க ரேக் ஊறிப்போச்சு" என்று திரும்பி வருவது. தச்சு வேலையை வயிற்றுப்பாட்டுக்குச் செய்கிறவர்களிடம் இப்படிக் கேட்பார்களா? அவர்களிடமும் கேட்கிறார்கள் என்பதுதான் வேதனை. சரி, இதோடு விடுகிறேன்.

உங்கள் உண்மையான பிரச்சினை இடம் இல்லை, தேடுவது. அதற்கு அட்டவணைதான் வழி. நோட்டிலும் போடலாம், கணினியிலும் போடலாம். பலர் இதழ் எண், தலைப்பு என்று மட்டும் எழுதுகிறார்கள். தலைப்பை வைத்து ஒன்றையும் கண்டுபிடிக்க முடியாது, "அழகான மாலைப் பொழுதுக்கு ஒரு திட்டம்" என்று இருந்தால் அது விளக்குத் தண்டா, நாற்காலியா? நீங்கள் எப்படித் தேடுவீர்கள் என்று யோசித்து எழுதுங்கள். என்ன பொருள், எந்த மரம் என்ன தடிமன், ஆகப் பெரிய துண்டின் நீளம், என்ன கருவி வேண்டும், இணைப்புத் தாள் உண்டா, அது எங்கே இருக்கிறது. மூன்றடி நீளத்துக்கு ஒரு பலகை மிச்சம் இருக்கிறது, அதில் என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு உங்கள் அட்டவணை பதில் சொல்ல வேண்டும்.

அதோடு "திருத்தம்" என்று ஒரு கட்டம் கட்டாயம் இருக்கட்டும். இதை யாரும் சொல்ல மாட்டார்கள். இதழில் அளவு தவறாக அச்சாவது சகஜம். ஓரிரு இதழ் கழித்து, வாசகர் கடிதப் பக்கத்தின் ஓரத்தில் நாலு வரியில் திருத்தம் போடுவார்கள். கட்டுரையை மட்டும் கிழித்து வைத்தவருக்கும், ஸ்கேன் செய்தவருக்கும் அந்த நாலு வரி போய்விடும். ஒவ்வொரு இதழிலும் முதலில் கடிதப் பக்கத்தைப் பாருங்கள், திருத்தம் இருந்தால் பழைய இதழை எடுத்து உரிய எண்ணின் பக்கத்திலேயே பென்சிலால் எழுதிவிடுங்கள். அங்குலத்தில் வந்த திட்டமாக இருந்தால் இன்னொரு குறிப்பும் தேவைப்படும். முக்கால் அங்குலம் என்பது 19.05 மில்லி. உங்களிடம் இருக்கும் பிளைவுட் 18 மில்லி என்றால், வரைபடத்தின்படி எடுத்த காடியில் பலகை ஆடும். காடியின் அகலத்தைப் பலகையை வைத்தே குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு பேட்டர்னை இரண்டாம் முறை செய்வேன் என்று தோன்றிவிட்டால் தாளை நம்புவதை நிறுத்திவிடுவேன். தாள் ஈரத்தில் விரியும், நீளமான தாளில் ஓரிரு மில்லி வரைக்கும். நகலை 6 மில்லி எம்.டி.எஃப் (மர நாரை அழுத்திச் செய்த) பலகையில் ஒட்டி, கோட்டுக்கு வெளியே அறுத்து, உப்புத்தாளால் கோடுவரை தேய்த்துக் கொண்டுவந்தால் அதுவே நிரந்தர டெம்ப்ளேட், அதாவது மரத்தின் மேல் வைத்துச் சுற்றிக் கோடு போடும் அச்சுப் பலகை. இரண்டு பக்கமும் ஒத்த வடிவமாக இருந்தால் பாதிதான் செய்வேன், நடுக்கோட்டில் திருப்பிப் போட்டு வரைந்தால் இரண்டு பக்கமும் அச்சாக ஒத்துவரும். அதன் மேலேயே இதழ் எண், பக்கம், எத்தனை துண்டு, மர இழை எந்தத் திசையில் ஓட வேண்டும் என்ற அம்புக்குறி எல்லாம் எழுதி, ஓட்டை போட்டு ஆணியில் மாட்டிவிடுவேன். ஒரே பொருளின் டெம்ப்ளேட்டுகளை ஒரே கம்பியில் கோத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு கால் மட்டும் காணாமல் போகும்.

மரத்தில் நகலை ஒட்டும்போது, முதலில் மாஸ்கிங் டேப்பை மரத்தின் மேல் பரப்பி, அதன் மேல் பசை அடித்து ஒட்டுங்கள். அறுத்து முடித்ததும் டேப்போடு உரிந்து வந்துவிடும். ஒட்டுவது எப்போதும் நகலாக இருக்கட்டும்.

தாளைக் கடன் கொடுப்பதை நான் நிறுத்திவிட்டேன். கேட்பவர் இங்கேயே உட்கார்ந்து கோடு போட்டு எடுத்துக்கொள்ளலாம். முழு இதழையும் ஸ்கேன் செய்து குழுக்களில் அனுப்பச் சொல்பவர்களுக்கும் மறுத்துவிடுகிறேன், அந்தப் பேட்டர்னை வரைந்தவருக்கு அதுதான் பிழைப்பு. இதற்காக என்னைக் கஞ்சன் என்றாலும் சரி.

நீங்கள் கடைசிவரை இடத்துக்காக எதையாவது கழித்தே ஆக வேண்டுமென்றால், அளவு எழுதிய வரைபடங்கள் மட்டும் உள்ள இதழ்களிலிருந்து தொடங்குங்கள். அவற்றிலும் கடிதப் பக்கத்தைப் பார்த்து, திருத்தங்களை உரிய இடத்தில் எழுதிவிட்டு, உள்ளே இணைப்புத் தாள் ஏதும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று இதழைத் தலைகீழாகப் பிடித்து உதறிவிட்டு அனுப்புங்கள்.