கப்பல் மாதிரிக்கு எந்தப் பசை? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ‘கட்டி சார்க்’ கப்பலின் மர மாதிரியைக் கட்டி வருகிறேன். பலகைகளைத் தண்ணீரில் ஊறவைத்து, வளைத்து, ஃபெவிகால் தடவி ஒட்டினேன். மறுநாள் காலையில் அணியத்துப் பக்கம், அதாவது கப்பலின் முன்முனையில், மூன்று பலகைகள் வங்கை (விலா எலும்பு போன்ற உட்சட்டத்தை) விட்டுப் பிரிந்து நிற்கின்றன. எல்லாவற்றையும் ஃபெவிக்விக் கொண்டு ஒட்டிவிடும்படி நண்பர் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: வேண்டாம். பலகைகள் பிரிந்ததற்குப் பசை காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை, தன்னிலுள்ள நீரை மரம் உறிஞ்சிக்கொள்ளவும் காற்று உலர்த்தவும்தான் இறுகுகிறது. ஊறிய ஈரம் வடியாத பலகையில் அதைத் தடவினால் நீர் போக இடமில்லாமல் பசை நீர்த்துப் போகிறது. அதே நேரத்தில் பலகையும் உலர உலரச் சுருங்கி, தன் பழைய நேர் வடிவத்துக்குத் திரும்ப முயல்கிறது. ஆகவே ஊறவைத்த பலகையைப் பசையில்லாமலே வங்குகளின் மேல் வளைத்து, துணி கிளிப்புகளாலோ குண்டூசிகளாலோ பிடித்துவைத்து, ஓர் இரவு முழுவதும் உலர விடுங்கள். காலையில் கிளிப்புகளை எடுத்த பிறகும் பலகை ஏறத்தாழ அதே வளைவில் நின்றால்தான் அது ஒட்டுவதற்குத் தயார். வளைக்கும் வேலை ஈரத்துக்கும் சூட்டுக்கும் உரியது. அதைப் பசையின் தலையில் சுமத்தக் கூடாது.

நீங்கள் அனுப்பிய படத்தை உற்றுப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. பிரிந்து நிற்கும் பலகையின் உட்புறத்தில், வங்கு தொட்ட இடத்தில், நூல் கனத்துக்கு ஒரே ஒரு பசைக் கோடுதான் இருக்கிறது. வங்கின் முழு அகலத்துக்கும் பட்டையாக இருந்திருக்க வேண்டும். அணியத்தை நோக்கிக் கப்பல் குறுகுவதால், அங்குள்ள வங்குகளின் விளிம்பை உப்புத்தாள் கொண்டு சாய்வாகத் தேய்த்துவிட வேண்டும். தேய்க்காவிட்டால் பலகை ஒரு முனையில் மட்டுமே தொட்டு நிற்கும்; எவ்வளவு நல்ல பசையானாலும் அந்த முனையில் என்ன பிடிப்பு கிடைக்கும்? பசை தடவுவதற்கு முன்பு ஒரு பலகையை வெறுமனே வைத்துப் பார்த்து, ஒவ்வொரு வங்கிலும் இடைவெளியின்றிப் படிகிறதா என்று விளக்கை மறுபுறம் பிடித்துச் சோதியுங்கள். இந்தத் தேய்ப்பு வேலையை அவசரமாக முடிப்பவர்கள் பலர். என் முதல் மாதிரியில் நானும் அவசரப்பட்டேன். பாதி உடற்பகுதியைப் பிரித்துத் திரும்பக் கட்ட வேண்டியதாயிற்று.

நண்பர் சொல்லும் ஃபெவிக்விக், சயனோஅக்ரிலேட் என்ற வகையைச் சேர்ந்தது. அது சில நொடிகளில் பிடித்துக்கொள்ளும். ஆனால் பலகையைச் சற்று நகர்த்திச் சரிசெய்ய அவகாசம் தராது. இறுகிய பின் கண்ணாடியைப் போல் விறைத்து நிற்பதால், ஓர் அடி பட்டால் தெறித்துவிடும். இருந்தாலும் அதற்கும் ஓர் இடம் உண்டு. பலகை முழுவதும் வெள்ளைப் பசை தடவி, கிளிப் மாட்ட வழியில்லாத ஓரிரு வங்குகளில் மட்டும் பல்குத்தும் குச்சியால் ஒரு துளி சயனோஅக்ரிலேட் வைத்தால், வெள்ளைப் பசை இறுகும் வரை அந்தத் துளி பலகையைப் பிடித்துக்கொள்ளும்.

வெளியே வழியும் வெள்ளைப் பசையை ஈரத்துணியால் உடனே துடைத்துவிடுங்கள். உலர்ந்த பசைப் படலத்தின் மேல் மரச்சாயம் ஏறாது. வார்னிஷ் அடித்த பிறகு அந்த இடம் வெளிறிய திட்டாகத் தெரியும்.

கேள்வி: அதே மாதிரியின் அடிப்பகுதியில் ஒட்டுவதற்குப் பித்தளைத் தகடுகள் கொடுத்திருக்கிறார்கள். அவற்றுக்கும் வெள்ளைப் பசை போதுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: போதாது. 1869இல் ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டனில் கட்டப்பட்ட அந்தக் கப்பலின் அடிப்பகுதிக்கு, கடற்புழுவும் பாசியும் அண்டாதிருக்கச் செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகத் தகடு போர்த்தினார்கள். லண்டனின் கிரீனிச்சில் இன்றும் அந்தக் கப்பலைப் பார்க்கலாம். மாதிரியில் அந்தத் தகட்டை ஒட்டும்போது, உலோகம் நீரை உறிஞ்சாது என்பதை நினைவில் கொள்ளுங்கள். அரால்டைட் போல இரண்டு குழாய்களிலிருந்து எடுத்துக் கலக்கும் எபாக்சியோ, கெட்டியான சயனோஅக்ரிலேட்டோதான் அதற்குப் பொருந்தும். தகட்டின் உட்புறத்தை மெல்லிய உப்புத்தாளால் கீறி, விரல் எண்ணெய் போக அசிட்டோனால் துடைத்த பிறகே ஒட்டுங்கள்.

கேள்வி: பாய்மரக் கயிறுகளின் முடிச்சுகளில் ஃபெவிக்விக் வைத்தேன். நூல் கம்பி போல விறைத்து, முடிச்சைச் சுற்றி வெண்மையாகப் பூத்துவிட்டது. ஏன்?
– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: சயனோஅக்ரிலேட்டின் ஆவி அருகில் படிந்து இறுகுவதால்தான் அந்த வெண்மை வருகிறது. பருத்தி நூலில் அந்தப் பசை இன்னும் வேகமாக வினைபுரியும். துளி பெரிதாக இருந்தால் விரலைச் சுடும் அளவுக்குச் சூடேறும். விறைத்த நூல் பின்னாளில் முடிச்சின் ஓரத்திலேயே முறிந்துவிடவும் கூடும். வெள்ளைப் பசையில் அதே அளவு தண்ணீர் கலந்து, மெல்லிய தூரிகையின் நுனியால் முடிச்சைத் தொட்டுவிடுங்கள். நூல் அதை இழுத்துக்கொள்ளும், உலர்ந்தால் தடம் தெரியாது. கயிற்றின் இழுப்பு சரியில்லை என்று பிறகு தெரிந்தால், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் முடிச்சை நனைத்துச் சிறிது நேரம் காத்திருங்கள், பசை இளகிவிடும். நூலின் வாலை அன்றே வெட்டாமல், மறுநாள் பசை முழுவதும் காய்ந்த பிறகு வெட்டுங்கள்.