புதிர் வாக்ஸெல் கேமில் (மைன்கிராஃப்ட் மாதிரி, உலகமே பிளாக்குகளால் ஆன கேம்) பிளேயர் சுவரை உடைத்துக்கொண்டு போவதை எப்படித் தடுப்பது?

தடுக்காதீர்கள். உடைக்க முடியாத பிளாக் ஒன்றைச் செய்து, புதிர் அறைகளைச் சுற்றி ஏற்கெனவே அடுக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எதை வேண்டுமானாலும் தோண்டலாம் என்று சொல்லி உள்ளே கூட்டிவந்துவிட்டு, புதிர் வந்ததும் கையைக் கட்டிப்போட்டால் எரிச்சல்தான் வரும்.

நானும் நண்பர் ஒருவரும் லுவான்டியில் (வாக்ஸெல் கேம் செய்ய உதவும் இலவச மென்பொருள், பழைய பெயர் மைன்டெஸ்ட்) இப்படி ஒரு கேம் செய்தோம். அதில் ஓர் அறை. வெளிச்சம் பட்டால் மட்டும் திறந்திருக்கும் கதவு. திருப்பத்துக்கு ஒன்றாக, ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடி பிளாக் வைத்து, வாசல் விளக்கின் ஒளியை அதுவரை கொண்டுபோக வேண்டும். சோதித்துப் பார்க்க வந்த பெண் கண்ணாடியைத் தொடவே இல்லை. கதவுக்கு நேர் மேலே கூரையைத் தோண்டிக்கொண்டே போனார். வெயில் உள்ளே விழுந்தது, கதவு திறந்தது. நண்பர் அதை பக் என்றார், கூரையைப் பூட்டிவிடலாம் என்றார். நான் விடவில்லை. வெளிச்சம் பட்டால் திறக்கும் என்பது நாங்கள் வைத்த விதி. வெயிலும் வெளிச்சம்தானே? கடைசியில், அடுத்த அறையின் வேலை இரவில் மட்டும் நடக்கிற மாதிரி மாற்றினோம். பொழுது சாய்ந்ததும் கதவு தானாக மூடிக்கொண்டது. அடுத்த முறை அவரே கண்ணாடிகளைத் தேடி எடுத்தார். யாரும் சொல்லவில்லை.

'வரம்பே இல்லாவிட்டால் புதிர் ஏது?' என்று யாராவது கேட்பார்கள். வரம்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மைன்கிராஃப்டில் ரெட்ஸ்டோன் (அந்த கேமின் மின்கம்பி மாதிரி) சிக்னல் 15 பிளாக்குக்கு மேல் தானாகப் போகாது, பிளாக்குகளைத் தள்ளும் பிஸ்டன் 12 பிளாக்குக்கு மேல் தள்ளாது. உலகத்தின் எந்த மூலையிலும் அதே விதிதான். அதை நம்பித்தான் மக்கள் அதற்குள்ளேயே கால்குலேட்டர் வரை கட்டினார்கள்.

அப்புறம், பெட்டிகளைத் தள்ளி இடம் சேர்க்கும் பழைய புதிர் கேமான சோகோபானில் பெட்டி மூலையில் மாட்டிக்கொண்டால் லெவலை மறுபடி தொடங்கலாம். உங்கள் கேமில் பிளேயர் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடும் அதே உலகத்தில் இருக்கிறது, அதை அழித்துவிட்டு மறுபடி தொடங்கச் சொல்ல முடியாது. லாவாவில் விழுந்தால் திரும்பக் கிடைக்காத ஒற்றைச் சாவியை மட்டும் வைத்துவிடாதீர்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் ஒன்று சொல்ல வேண்டும். முன்பு வேலை பார்த்த நிறுவனத்தில், பிளேயர் கொஞ்ச நேரம் நகராமல் நின்றாலே அம்புக்குறி காட்டச் சொல்வார்கள். நின்று யோசிப்பவரை 'சிக்கிக்கொண்டார்' என்று ரிப்போர்ட்டில் எழுதுவார்கள். புதிர் கேமை அவர் வாங்கியதே யோசிப்பதற்குத்தானே? எத்தனை மீட்டிங்கில் சொல்லியும் அந்த அம்புக்குறியை எடுக்க வைக்க முடியவில்லை.