டீச்சரைக் கேளுங்கள்

தண்டையார்பேட்டைப் பள்ளியொன்றில் 31 வருடம் புவியியல் நடத்தி ஓய்வுபெற்ற ஆசிரியை பதில் சொல்கிறார்.

கேள்வி: காலடிப்பேட்டை என்கிறோமே, யாருடைய காலடி டீச்சர்? (திருவொற்றியூர் வாசகி)

எந்த மகானுடைய காலடியும் இல்லைம்மா. 1717 முதல் 1720 வரை சென்னைக்கு கவர்னராக இருந்த ஜோசப் காலெட், நெசவாளர்களைக் குடிவைத்த இடம் அது. காலெட் பேட்டை நம் வாயில் விழுந்து காலடிப்பேட்டை ஆகிவிட்டது. வண்ணாரப்பேட்டை துணி வெளுத்தவர்களின் இடம். இங்கே நெய்து, அங்கே வெளுத்து, கடற்கரையில் கப்பலேற்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் துணி வியாபாரம்தான் நம் பேட்டைகளாக இன்னும் நிற்கிறது.

கேள்வி: மணலியில் என் தாத்தா நெல் பயிரிட்டார். இன்று எங்கு பார்த்தாலும் எண்ணெய்த் தொட்டி. புகை கக்கும் தொழிலெல்லாம் ஏன் வடக்கே வந்தது? (மணலி வாசகர்)

இது ஒரே நாளில் நடந்த காரியம் இல்லை. 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது. சரக்கும் ரயிலும் இருக்கும் பக்கமாகவே மில்கள் வந்தன. பெரம்பூர்ப் பக்கம் பக்கிங்காம், கர்நாடிக் மில்கள். மில்லை ஒட்டி, நடந்துபோகும் தூரத்தில் தொழிலாளிகளின் குடியிருப்பு. 1960களில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்கு இடம் பார்த்தபோது மணலி தோதாக அமைந்தது: துறைமுகம் பக்கம், தரை சமம், நிலம் மலிவு. அந்த ஆலையின் பொருளை வாங்கிப் பயன்படுத்தும் உர ஆலை, ரசாயன ஆலையெல்லாம் பின்னாலேயே வந்தன.

அதற்கப்புறம் நடந்ததுதான் முக்கியம். புகை வந்த இடத்தில் வாடகை குறைந்தது. வசதியுள்ளவர் தெற்கே போனார், வசதியில்லாதவர் இங்கே வந்தார். அடுத்த ஆலைக்கு இடம் தேடுகிறவருக்கு, கோர்ட்டுக்குப் போகிறவர்கள் குறைவாக இருக்கும் ஊர் வசதிதானே? நான் எண்ணூர்ப் பக்கம் குடியிருந்தபோது, மொட்டைமாடியில் காய்ந்த வெள்ளைப் புடவையை உதறாமல் மடித்ததே இல்லை. எங்கிருந்து வந்த கரியோ, மடிப்பில் கோடாகத் தெரியும்.

கேள்வி: ஜனத்தொகை பெருகினால் பஞ்சம் நிச்சயம் என்கிறார் என் மைத்துனர். (வியாசர்பாடி வாசகர்)

1798-இல் மால்தஸ் என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் சொன்னதை மைத்துனர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவரை ஒருநாள் பக்கிங்காம் கால்வாய்க் கரைக்கு அழைத்துப் போங்கள். மூக்கைப் பொத்திக்கொண்டாவது பார்க்கட்டும். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டு, 1876-78 பஞ்சத்தில் பசித்தவர்களை வைத்து வெட்டியது. அதே பஞ்சத்தில் இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. தானியம் இருந்தது, வாங்கக் காசு இல்லை.

தமிழ்நாட்டில் இன்று ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு குழந்தைக்கும் குறைவு. ஆனாலும் வியாசர்பாடி நெரிசல் குறைந்ததா? 2011 கணக்கெடுப்பில் சென்னை மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 26,000-க்கும் மேற்பட்ட ஆட்கள். அது போட் கிளப் பங்களாவையும் கொருக்குப்பேட்டை ஒற்றை அறைக் குடித்தனத்தையும் சேர்த்துக் கூட்டி வகுத்த கணக்கு.

கேள்வி: ஒரு கட்டுக் கீரை ஏன் இந்த விலை? (மாதவரம் இல்லத்தரசி)

மாதவரத்திலிருந்து இந்தக் கேள்வியா! ஜெர்மனியில் ஃபொன் தூனன் என்ற பண்ணைக்காரர் 1826-இல் ஒரு கணக்குப் போட்டார். சீக்கிரம் கெடும் பாலும் காய்கறியும் நகரத்தை ஒட்டிய முதல் வட்டத்தில், தானியம் அதைத் தாண்டி. மாதவரத்துப் பால் காலனியும் புழல் பக்கத்துக் கீரைப் பாத்தியும் அப்படித்தான் இருந்தன. இப்போது அந்த வட்டத்தில் குடோனும் கன்டெய்னர் யார்டும். ஒரு சென்ட் நிலத்தில் எத்தனை வருடம் கீரை விதைத்தாலும் பிளாட் போட்டு விற்கும் காசு வராது. கீரை பெரியபாளையம் பக்கம் தள்ளிப் போய்விட்டது. எங்கள் தெருக் கீரைக்காரம்மாவிடம் பேரம் பேசினேன். "வண்டிக்கே குட்த்துட்டா அப்புறம் இன்னா மிச்சம் டீச்சர்?" என்றார். தூனன் பக்கம் பக்கமாக எழுதினது அவ்வளவுதான்.

கேள்வி: மெட்ரோ வந்துவிட்டதே, இனி வடசென்னை உயருமா? (தண்டையார்பேட்டை கல்லூரி மாணவர்)

2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை வந்த மெட்ரோவில் நானும் முதல் வாரமே ஏறினேன். ஏசி நன்றாகவே இருந்தது. வாடகையும் உயர்ந்தது. எங்கள் பக்கத்து வீட்டு மாடியறையில், காசிமேட்டில் இறால் உரிக்கப் போகும் ஒரு பெண் ஆறு வருடம் இருந்தாள். அங்கே வேலை விடியும் முன்பே ஆரம்பித்துவிடும், நடந்தே போய்விடுவாள். மெட்ரோவால் அவளுக்கு ஆனது ஒன்றுமில்லை, வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டியதைத் தவிர. மீஞ்சூருக்குப் போய்விட்டாள். ராத்திரி இரண்டரைக்கு எழுந்து, நாலு பேராகச் சேர்ந்து ஆட்டோ பிடித்து வருகிறாளாம். அந்த அறையில் இப்போது கிண்டியில் வேலை பார்க்கும் இரண்டு பையன்கள்.