ராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ ஆல்பத்தைப் பற்றிக் கேள்விகள் நிறையவே வந்துவிட்டன. நான் வயலின் சொல்லிக்கொடுக்கிறவன். அதனால் இசை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று கேட்டவர்களுக்குத்தான் நீளமாகப் பதில் சொல்லியிருக்கிறேன், மற்றவர்களுக்குச் சுருக்கமாக. ஒரு வேண்டுகோள். 1986ல் வந்த இந்த ஆல்பத்தை போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டுக் கேள்வி அனுப்பாதீர்கள். வயலின் குடும்பத்தின் கனத்த குரல்களான செல்லோவும் டபுள் பேஸும் அதில் காதில் விழாது, விஷயத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: சார், இதுதானே இளையராஜாவின் முதல் சிம்பொனி?

இல்லை. சிம்பொனி என்பது ஆர்கெஸ்ட்ராவுக்கென்று எழுதப்படும் ஒரு பெரிய வடிவம். வழக்கமாக நான்கு பகுதிகள் இருக்கும், எடுத்துக்கொண்ட இசைக்கருத்துகள் அவற்றில் வளர்ந்துகொண்டே போகும். இந்த ஆல்பம் தனித்தனி உருப்படிகளின் தொகுப்பு. வயலின் நிறைய இருந்தாலே சிம்பொனி என்று எழுதுவதை தயவுசெய்து விடுங்கள்.

கேள்வி: ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ அப்படியே பாக்கின் இசைதான் என்கிறான் நண்பன். இது காப்பி இல்லையா?

பாக் பழைய ஜெர்மானிய இசையமைப்பாளர். அவருடைய மூன்றாவது வயலின் பார்ட்டிட்டாவில் (பல பகுதிகள் கொண்ட தொகுப்பு அது), ஈ மேஜரில், பிரிலூடியோ என்று ஒரு பகுதி வருகிறது. ஒற்றை வயலினுக்கு எழுதியது. அந்த வயலின் வரியைத்தான் ராஜா எடுத்துக்கொண்டு சுற்றிலும் தன் இசையைக் கட்டியிருக்கிறார். பெயரிலேயே பாக் இருக்கிறார், ஆல்பமே பாக்குக்கும் தியாகராஜருக்கும் காணிக்கை. இதில் மறைத்தது என்ன இருக்கிறது?

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இதே பிரிலூடியோவை பாக்கே பின்னால் டி மேஜருக்கு மாற்றி, ஆர்கனுக்குக் கொடுத்து, கூடவே ஆர்கெஸ்ட்ராவும் சேர்த்து, தன் 29ஆம் காண்டாட்டாவின் (பாடகர்களும் கருவிகளும் சேரும் படைப்பு) தொடக்கமாக வைத்தார். 1731ல் நடந்தது அது. ஒரு தனி வயலின் வரிக்குள் இன்னும் எத்தனை குரல்கள் ஒளிந்திருக்கின்றன என்று தேடிப் பார்ப்பது பாக் தானே செய்துகாட்டிய வேலை. ராஜா அதையே நம் ஊர்க் காதோடு செய்திருக்கிறார். முதலில் தனி வயலினில் பிரிலூடியோவைக் கேளுங்கள், பிறகு இதைக் கேளுங்கள், அப்புறம் நண்பரிடம் பேசுங்கள்.

கேள்வி: பாக்கும் தியாகராஜரும் சமகாலத்தவர்களா?

பாக் 1750ல் இறந்தார், தியாகராஜர் 1767ல் பிறந்தார்.

கேள்வி: ரஹ்மானா ராஜாவா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

இதற்குப் பதில் கிடையாது.

கேள்வி: கர்நாடக இசையில் ஹார்மனியே, அதாவது வேறு வேறு ஸ்வரங்களை ஒரே நேரத்தில் சேர்த்து ஒலிக்கவிடுவதே, கிடையாது. அப்படியிருக்க ராகத்தையும் மேற்கத்திய இசையையும் எப்படிச் சேர்க்க முடிகிறது? கொஞ்சம் விளக்கமாக, அண்ணா.

இந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்தேன். ராகத்துக்குக் கீழே கார்டுகளை (chords, ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை) அடுக்குவதுதான் கலவை என்று பலரும் நினைக்கிறார்கள். சினிமாவில் தினமும் நடப்பது அது, பெரும்பாலும் ராகத்தின் கையைக் கட்டிப்போடுவதும் அதுதான். இந்த ஆல்பத்தில் ராஜா போன வழி கவுண்டர்பாயின்ட். ஒரே நேரத்தில் பல மெட்டுகள், ஒவ்வொன்றும் தனியாகப் பாடினாலும் நிற்கும். ராகமும் மெட்டாக நகர்கிற விஷயம் என்பதால் இரண்டு மரபும் இங்கே இயல்பாகவே சந்திக்கின்றன.

ஃபியூக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு குரல் ஒரு சொற்றொடரைப் பாடும். அடுத்த குரல் அதையே ஐந்தாம் ஸ்வரத்திலிருந்து, அதாவது பஞ்சமத்திலிருந்து, திருப்பிப் பாடும். இதுதான் பதில் குரல். இப்போது கர்நாடக இசையின் முதல் பாடத்தில் எல்லோரும் படித்த மாயாமாளவகௌளை ராகத்தைப் பாருங்கள். ஸ ரி க ம என்ற கீழ்ப் பாதியின் இடைவெளிகளும் ப த நி ஸ என்ற மேல் பாதியின் இடைவெளிகளும் அச்சு அசலாக ஒன்றே. கீழே பாடியதைப் பஞ்சமத்திலிருந்து பாடினால் ஒரு ஸ்வரம்கூட ராகத்துக்கு வெளியே போகாது. சங்கராபரணம், கரகரப்பிரியா, தோடி மூன்றுக்கும் இதே அமைப்பு. சிக்கல் எப்போது வரும் என்றால், சொற்றொடர் பஞ்சமத்தைத் தொடும்போது. பஞ்சமத்துக்குப் பஞ்சமம் சதுஸ்ருதி ரிஷபம் (ரி இரண்டு வகை, அதில் உயர்ந்தது), மாயாமாளவகௌளைக்கு அது அந்நியம். பாக் காலத்து வழக்கப்படி பதில் குரலில் அந்த ரிஷபத்தை விட்டுவிட்டு ஷட்ஜத்தையே வைப்பார்கள். அந்தத் தீர்வு நம் ராகத்தையும் காப்பாற்றிவிடுகிறது. இதைப் பேப்பரில் எழுதிப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

கேள்வி: தலைப்புப் பாட்டு என்ன ராகம்?

இதே கேள்வி ஆளுக்கொரு பாட்டின் பெயரோடு ஏகப்பட்ட முறை வந்திருக்கிறது. எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன், ராகப் பெயர் கண்டுபிடிக்கும் போட்டியாக இதைக் கேட்காதீர்கள். பெயர் கிடைத்ததும் காது மூடிக்கொள்கிறது. மேல் வயலினை விட்டுவிட்டு ஒரு முறை முழுக்கச் செல்லோவை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள்.

கேள்வி: ‘வீடு’ படத்தில் இந்த இசையைக் கேட்ட நினைவு. சரியா?

சரி. பாலு மகேந்திரா இந்த ஆல்பத்தின் இசையை அந்தப் படத்தில் பயன்படுத்தியிருக்கிறார்.

கேள்வி: ஸ்வரக் கணக்கெல்லாம் சரி. கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து இழைக்கிற முறை, இல்லாவிட்டால் அது ராகமே இல்லை, வெறும் ஸ்கேல் (ஸ்வர வரிசை). தோடியில் ஃபியூக் எழுதிக் காட்டுங்கள் பார்க்கலாம்.

தோடியைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது நியாயம். அதன் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்காது, அசைந்துகொண்டே இருக்கும், அந்த அசைவுதான் தோடி. நான்கு குரலும் ஒரே சமயத்தில் அப்படி அசைந்தால் எதுவும் எதனோடும் சேராது, நிறுத்தி வாசித்தாலோ தோடி போய்விடும். இடைவெளிக் கணக்கு ஒத்துப்போகிறது என்பதற்காக நான் அதில் கை வைக்க மாட்டேன்.

ஆனால் எல்லா ராகமும் தோடி இல்லையே. மோகனத்தை, ஹம்சத்வனியை நேர் ஸ்வரங்களாக வாசித்தாலும் அடையாளம் தெரிகிறது. முத்துசுவாமி தீட்சிதரின் நொட்டுஸ்வர சாகித்யங்கள் மேற்கத்திய மெட்டுகளில் அமைந்தவை, கமகம் கிடையாது. குழந்தைகளுக்கு இன்றும் சொல்லித் தருகிறோம். நம் மரபே இந்தக் கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது.

மேலே கேட்டவரே மறுபடியும்: நொட்டுஸ்வரத்தைச் சங்கராபரணம் என்று கச்சேரியில் விரித்துப் பாடுவீர்களா? மாட்டீர்கள். அதேதான் நான் சொல்வது.

விரித்துப் பாட மாட்டேன். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த ஆல்பத்தில் யாரும் ராக ஆலாபனை செய்யவில்லை. தனி வயலின் வாசித்திருப்பவர் வி. எஸ். நரசிம்மன். அவர் வரியில் நெளிவும் இழைவும் எங்கே வருகிறது, கீழே இருக்கும் குழு எங்கே நேர் ஸ்வரத்தில் நிற்கிறது என்று கவனியுங்கள். அசைவதும் நிற்பதும் வேறு வேறு குரல்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. பின்னாளில் அவர் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட் என்று அமைத்துக் கர்நாடகக் கீர்த்தனைகளையே நான்கு தந்திக் கருவிகளுக்கு எழுதினார். கேட்டுவிட்டு வாருங்கள், தொடரலாம்.

இன்னொருவர்: இடையில் வருவதற்கு மன்னிக்கவும். மேற்கத்திய வயலினில் கமகமே வராது என்கிறார்களே?

கருவி ஒன்றுதான், பிடிப்பதும் சுருதி சேர்ப்பதும் வேறு. அவர்கள் தோளுக்கும் தாடைக்கும் நடுவில் பிடித்து ஜி, டி, ஏ, ஈ என்று சேர்க்கிறார்கள். நாம் தரையில் உட்கார்ந்து வயலினின் தலையைக் காலில் ஊன்றி ஸ ப ஸ ப என்று சேர்க்கிறோம். கருவி ஊன்றி இருப்பதால் நம் இடது கை தாராளமாகச் சறுக்கும். தோளில் பிடித்தும் கமகம் வரும், பழக வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: 1993ல் லண்டனில் பதிவு செய்த சிம்பொனி எப்போது வெளிவரும்?

இதுவும் திரும்பத் திரும்ப வருகிறது. ராயல் பில்ஹார்மானிக் ஆர்கெஸ்ட்ரா வாசித்துப் பதிவானது, வெளியாகவில்லை. ராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனி லண்டனில் 2025 மார்ச் 8 அன்று அரங்கேறியது. அது வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பாதீர்கள்.

கேள்வி: 2005ல் வந்த ‘திருவாசகம்’ சிம்பொனி பற்றி?

அட்டையில் சிம்பொனி என்றிருந்தாலும், பாடகர்களும் கோரஸும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து பக்திப் பாடலை விரிக்கிற அந்த வடிவம் ஆரட்டோரியோவுக்குத்தான் நெருக்கம். புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா வாசித்தது. அதில் என்னைக் கட்டிப்போடுவது ‘புற்றில்வாழ் அரவும் அஞ்சேன்’. தனியாக ஒரு நாள் எழுத வேண்டியது அது.

கமகக்காரர்: குவார்டெட் கேட்டேன். நன்றாகவே இருக்கிறது. சரி, கல்யாணியில் உங்கள் கணக்கு செல்லுமா?

நல்ல கேள்வி. நேரடியாகச் செல்லாது. கல்யாணியின் மத்யமம் உயர்ந்த வகை, பிரதி மத்யமம். அதைப் பஞ்சமத்திலிருந்து எடுத்தால் சுத்த ரிஷபத்தில், அதாவது தாழ்ந்த ரியில், போய் விழும், கல்யாணிக்கு அது ஆகாது. முதல் சொற்றொடரில் மத்யமத்தைத் தொடாமல் எழுதலாம், ஆனால் பிரதி மத்யமம் வராத கல்யாணியை யார் கல்யாணி என்பார்கள்? அதனால் மத்யமத்தை வைத்துக்கொண்டு, பதில் குரலில் அந்த ஓர் இடத்தை மட்டும் சதுஸ்ருதி ரிஷபமாக உயர்த்துவேன். இடைவெளி கொஞ்சம் மாறும், ராகம் தப்பிக்கும். எட்டு அட்சரத்துக்கு ஒரு சொற்றொடர் ஸ்வரப்படுத்தி அனுப்புங்கள், பதில் குரலை நான் எழுதுகிறேன்.