பொன்னம்பலம் என்று பெயருள்ளவர்கள் எல்லோரும் ஒரே குடும்பமா?

இல்லை. இலங்கைத் தமிழ்த் தலைவர்களான சேர் பொன்னம்பலம் இராமநாதனும் ஜி.ஜி. பொன்னம்பலமும் ஒரே பரம்பரையா என்று கேட்டிருக்கிறீர்கள். வெளிநாட்டில் வளரும் எங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் குழப்பம் அடிக்கடி வரும், ஏனென்றால் எங்களிடம் குடும்பப் பெயர் என்று ஒன்று இருந்ததே இல்லை. தகப்பன் பெயர் முன்னுக்கு, தன் பெயர் பின்னுக்கு, அவ்வளவுதான்.

இராமநாதனுக்குப் பொன்னம்பலம் என்பது தகப்பன் பெயர். கொழும்பு கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கட்டிய பொன்னம்பல முதலியார்தான் அவர், பூர்வீகம் மானிப்பாய். 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவரான அருணாசலம் இராமநாதனின் தம்பி, அதனால் அவருக்கும் முன்னால் பொன்னம்பலம் நிற்கிறது. ஜி.ஜி.க்கோ அது சொந்தப் பெயர். வடமராட்சி அல்வாயில் 1901இல் பிறந்தவர், 1944இல் தமிழ்க் காங்கிரசைத் தொடங்கி ஐம்பதுக்கு ஐம்பது, அதாவது சட்டசபையில் சிங்களவருக்குப் பாதி, சிறுபான்மையினருக்குப் பாதி இடங்கள் கேட்டவர். ஜி.ஜி. என்ற எழுத்துகள் கணபதி காங்கேசர் என்பதன் சுருக்கம். ஆனால் மகன் குமார் பொன்னம்பலம், பேரன் கஜேந்திரகுமார் பொன்னம்பலம் என்று வரும்போது அதே பெயர் வெள்ளைக்காரர் வழக்கப்படி குடும்பப் பெயராகிவிட்டது.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். புங்குடுதீவு எழுத்தாளர்கள் மு. தளையசிங்கமும் மு. பொன்னம்பலமும் கூடப்பிறந்த அண்ணன் தம்பி. கடைசிப் பெயரை வைத்துத் தேடினால் ஒருவருக்கொருவர் அந்நியர். அந்த ஒற்றை 'மு' மட்டும்தான் சொந்தத்தைச் சொல்லும்.

பொன்னம்பலம் என்பது சிதம்பரத்தின் பெயர். சைவர்கள் இருக்கிற ஊரெல்லாம் ஒரு பொன்னம்பலம் இருந்திருப்பார், எங்கள் அப்பப்பாவும் பொன்னம்பலம்தான். போன வருஷம் நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வந்த சித்தப்பாவின் மகள் தன் கடவுச்சீட்டைக் காட்டினாள், கடைசிப் பெயர் என்ற இடத்தில் அப்பப்பா இருக்கிறார். சித்தப்பா அங்கே போனபோது படிவத்தில் தகப்பன் பெயரை அந்த இடத்தில் எழுதியது அப்படியே பிள்ளைகளுக்கும் போயிருக்கிறது. என் அடையாள அட்டையில் இருப்பது என் அப்பாவின் பெயர், அப்பப்பாவின் பெயர் எங்குமே இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நாங்கள் ஒரே அப்பப்பாவின் பேரப்பிள்ளைகள் என்று யாருக்கும் தெரியாது, எனக்கு அது உண்மையிலேயே மனதுக்குக் கஷ்டமாக இருந்தது.

அதனால் சொந்தம் தேடுகிறவர்கள் பெயரை விட்டுவிட்டு முதலில் ஊரைக் கேளுங்கள், மானிப்பாயா, அல்வாயா, புங்குடுதீவா என்று. எங்கள் பொன்னம்பலம் நீர்வேலி.